சும்மா பேசுவதற்கென்று ஓர் ஆள்

இன்று வார்டிலிருந்து வந்து புடவையை மாற்றப் போனபோது முந்தானையில் அந்த வெள்ளைக் களிம்பு அப்பியிருந்தது. தீப்புண்ணுக்குப் போடுவார்களே, அதுதான். எடுத்து முகர்ந்து பார்த்தேன். வேறு யாராவது பார்த்திருந்தால் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். பார்த்தது என் வீட்டுக்காரர். அவர் அந்த முடிவுக்கு வந்து இருபத்தைந்து வருஷமாகிவிட்டதால் பேப்பரைத் திருப்பிக்கொண்டார். மற்றவர்களுக்கெல்லாம் சிநேகிதியை நினைத்தால் மல்லிகையோ தாழம்பூவோ மணக்கும் போலிருக்கிறது. எனக்கு நீ விட்டுப் போனது ஆஸ்பத்திரிக் களிம்பு.

நீ போய் ஒன்றரை வருஷமாகிறது. வரும் திங்கட்கிழமை உன் ஆய்வின் முடிவு தெரியப் போகிறது. அதற்கு முன்னால் உன்னிடம் ஒரு தப்பை ஒப்புக்கொண்டாக வேண்டும். இது இரண்டாவது தப்பு. முதல் தப்பு உனக்குத் தெரியும், அதை நீயே கையும் களவுமாகப் பிடித்தாய். இரண்டாவதைப் பிடிக்க நீ இல்லை என்பதால் நானே வந்து சொல்கிறேன்.

நாம் முதலில் சந்தித்தது புனேவுக்குப் பக்கத்தில், தேஹு ரோடு ஸ்டேஷன் வாசலில், ஷேர் ஆட்டோவில். மூன்று பேர் உட்காரும் இடத்தில் ஐந்தாவது ஆளாக ஏறினாய். டிரைவரிடம் மராத்தியில் சண்டை, போனில் உன் அம்மாவிடம் திருநெல்வேலித் தமிழ், மடியில் ஓர் ஆங்கிலப் புத்தகம். உன் அப்பா ராணுவ டெப்போ வேலைக்கு வந்த காலத்தில் இங்கேயே பிறந்து வளர்ந்தவள் நீ. ஆனால் வாயைத் திறந்தால் தாமிரபரணிதான். நான் கோயமுத்தூர்க்காரி, அடுத்தவர் புத்தகத்தை எட்டிப் பார்ப்பது பிறவிக் குணம். அட்டையில் ஹிப்னாசிஸ் என்று இருந்தது. உடனே பார்வையை வெளியே திருப்பி ராணுவ முகாம் மதில் சுவரைத் தீவிரமாகப் பார்க்க ஆரம்பித்தேன். நீ புத்தகத்திலிருந்து நிமிராமலே சொன்னாய்:

"பயப்படாதீங்க. இந்த ஆட்டோ ஆடுத ஆட்டத்துல யாரையும் மயக்க முடியாது."

அப்படித்தான் ஆரம்பித்தது. நீ மனநல ஆலோசகர், நாற்பது வயதுக்கு மேல் டாக்டர் பட்டத்துக்குச் சேர்ந்திருந்தாய் என்பதெல்லாம் இரண்டாவது சந்திப்பிலேயே தெரிந்துவிட்டது. மூன்றாவது சந்திப்பில் எங்கள் அடுக்குமாடி சொசைட்டி முழுக்கத் தெரிந்துவிட்டது, என் கைங்கரியம். அதன்பின் நீ எங்கள் வீட்டுக்கு வந்தால் பாதிப் பெண்கள் உன் கண்ணைப் பார்க்காமல் உன் காதைப் பார்த்துப் பேசினார்கள். மீதிப் பேர் காரியமாக வந்தார்கள். தொலைந்த தோட்டை எங்கே வைத்தேன் என்று மயக்கிக் கேட்க முடியுமா என்றாள் ஒருத்தி. எதிர் வீட்டு ஈரோட்டுக்காரி, தன் கணவரைப் பாத்ரூம் விளக்கை அணைக்கும்படி மாற்றித் தர வேண்டும் என்றாள்.

"இது தூங்க வைக்கது இல்லக்கா. விருப்பம் இல்லாத ஆள ஒண்ணும் செய்ய முடியாது. ஒங்க வீட்டுக்காரர் விருப்பத்தோட வந்தாருன்னா பாப்பம்."

"விருப்பத்தோட வர்ற மனுசனா இருந்தா நான் எதுக்குங்க உங்ககிட்ட வர்றேன்" என்றாள் அவள். நீ சிரித்து முடிக்க அரை மணி நேரம் ஆயிற்று.

எனக்கு மட்டும் பொறுமையாக விளக்கினாய். "ஏட்டி, கதவுல சுண்டு விரல் நசுங்குன நேரத்துல யார்கிட்டயாவது சண்ட போட்டுக்கிட்டு இருந்திருக்கியா?"

"சண்டை போட்டதுனாலதான்டி நசுங்குச்சு."

"அப்ப வலிச்சுதா?"

யோசித்துப் பார்த்தேன். வலிக்கவில்லை. சண்டை முடிந்த பிறகுதான் வலித்தது, அதுவும் நான் தோற்றுவிட்டதால் கூடுதலாக.

"அவ்வளவுதான். வலி விரல்ல இருக்குன்னு நெனைக்கோம். பாதி, கவனத்துல இருக்கு. அந்தக் கவனத்தக் கொண்டு போயி வேற எடத்துல வைக்கதுக்குச் சொல்லிக் குடுக்கோம். மருந்துக்குப் பதிலு இல்ல, மருந்தோட சேத்து. சில பேருக்கு நல்லாக் கேக்கும், சில பேருக்குக் கேக்காது. எவ்வளவு கேக்கும், யாருக்குக் கேக்கும்னு எண்ணிப் பாக்கதுதான் எங்க வேல."

எனக்குக் கேட்குமா என்று சோதித்தாயே, அந்தக் கூத்தை நான் இன்னும் யாரிடமும் முழுதாகச் சொல்லவில்லை. கண்ணை மூடச் சொன்னாய். கை லேசாகிறது, பலூன் கட்டியது போல் மெதுவாக மேலே போகிறது என்று தேன் போன்ற குரலில் சொல்லிக்கொண்டே இருந்தாய். என் கை சோபாவோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது. என் மனசு உன் பலூனை விட்டுவிட்டு, ஊற வைத்த உளுந்தை அரைக்க மறந்ததில் போய் உட்கார்ந்திருந்தது. திடீரென்று கை மேலே போயிற்று. நீ மூச்சைப் பிடித்துக்கொண்டது எனக்குக் கேட்டது. மூக்கு அரித்தது, சொறிந்துகொண்டேன். அவ்வளவுதான்.

"சவத்த விடு" என்று நோட்டை மூடினாய். "இவ்வளவு கொறைச்சலா மார்க் வாங்குன ஆள நான் பாத்ததே இல்ல."

இந்த மார்க்கால்தான் எனக்கு வேலை கிடைத்தது என்பதுதான் வேடிக்கை. போசரி தொழிற்பேட்டைக்குப் பக்கத்து ஆஸ்பத்திரியில் தீக்காய வார்டு. பட்டறையில் கை காலைச் சுட்டுக்கொண்டவர்கள், பாய்லர் வெந்நீர் பட்டவர்கள், அடுப்பில் புடவை பற்றிக்கொண்டவர்கள். காயம் பட்ட நேரத்தைவிடக் கொடுமை, தினமும் கட்டுப் பிரித்துக் கழுவி மறுபடி கட்டும் நேரம். வலி மருந்து எல்லோருக்கும் உண்டு. இருந்தாலும் அந்த வராந்தாவில் காலை பத்து மணிக்கு நடந்தவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. அந்த நேரத்தில் உன் ஹிப்னாசிஸ் உதவுமா என்று பார்க்கத்தான் நீ அனுமதி கேட்டாய்.

வார்டுத் தலைவரான மராத்தி சர்ஜனுக்கு இதில் நம்பிக்கை இல்லை. ஆனால் நியாயமான மனிதர். நோயாளி பக்கத்தில் கால் மணி நேரம் யாராவது உட்கார்ந்து அன்பாகப் பேசினாலே வலி கொஞ்சம் குறையத்தான் செய்யும், நுஸ்த்யா கப்பா, வெறும் அரட்டை, அதுவே போதும் என்றார். உன் வித்தை அரட்டையைவிட மேல் என்று காட்டு, வார்டை உனக்குத் திறந்து விடுகிறேன், இல்லாவிட்டால் இந்தப் பக்கம் வராதே என்றார். ஆக உனக்கு இரண்டு குழு வேண்டியிருந்தது. நோயாளி வந்ததும் சிஸ்டர் ஓர் ஒட்டிய உறையைப் பிரிப்பார். அதில் உள்ளபடி, ஒரு குழுவுக்கு நீ. இன்னொரு குழுவுக்கு, அதே நேரம், அதே அளவு, சும்மா பேசுவதற்கென்று ஓர் ஆள்.

"ஹிப்னாசிஸ் வாடையே ஆகாத ஆளு வேணும். ஆனா பேச்சு நிக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாய். ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான அந்தக் கண்ட்ரோல் குரூப்பில் என்னைச் சேர்த்திருக்கிறாய் என்று வீட்டில் சொன்னபோது, "உன்னையா, கண்ட்ரோல்லயா?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர். கல்யாணமான நாளிலிருந்து அவர் சொன்ன ஒரே நல்ல ஜோக் அதுதான்.

என்ன பேசலாம், என்ன கூடாது என்று ஒரு தாள் கொடுத்தாய். மழை, பஸ், சாப்பாடு, ஊர் பேசலாம். கண்ணை மூடச் சொல்லக் கூடாது, எதையும் கற்பனை செய்யச் சொல்லக் கூடாது, கதை சொல்லக் கூடாது. சத்தியமாகச் சொல்கிறேன், முதல் நான்கு பேரிடம் தாளில் உள்ளபடிதான் பேசினேன். ஐந்தாவதாக முருகேசன் வந்தான்.

தருமபுரிப் பையன், உலைப் பட்டறையில் வேலை, தொடையிலிருந்து கணுக்கால் வரை வெந்திருந்தது. பேண்டேஜின் கடைசிச் சுற்று தோலோடு ஒட்டியிருந்தது. சிஸ்டர் அதை நனைக்க ஆரம்பித்ததும் அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, எதுனா பேசுக்கா, நிறுத்தாத பேசுக்கா" என்றான். நான் சிஞ்ச்வட் பஸ்ஸைப் பற்றி ஒரு வாக்கியம் சொன்னேன். அவன் பல்லைக் கடித்தான். அடுத்த வாக்கியம் என் வாயில் தானாக வந்தது.

"தம்பி, எங்க சொசைட்டியில ஒரு திருட்டு நடக்குது, தெரியுமா?"

அவன் திரும்பிப் பார்த்தான்.

எங்கள் சொசைட்டி சேர்மன், நாங்கள் காகா என்று கூப்பிடும் மராத்திப் பெரியவர், ஆசையாக வளர்த்த கறிவேப்பிலை மரத்தில் தினமும் யாரோ கிளையோடு ஒடித்துக்கொண்டு போகிறார்கள். முதல் நாள் அறிவிப்புப் பலகையில் மராத்தியில் எச்சரிக்கை. இரண்டாம் நாள் இந்தியில். மூன்றாம் நாள், இது மதராஸிகள் வேலைதான் என்ற சந்தேகத்தில், கூகுளைக் கேட்டு எழுதிய தமிழில். அப்புறம் மரத்துக்குக் கேமரா. கேமராவில் தெரிந்தது ஒரு குடை, விரித்த குடை, மழையில்லாத மார்ச் மாதக் காலையில். குடைக்குக் கீழே ஒரு ஜோடி ரப்பர் செருப்பு...

"யாரு செருப்புக்கா?"

"அதை நாளைக்குச் சொல்றேன், கட்டு முடிஞ்சுது பாரு."

அவன் குனிந்து காலைப் பார்த்தான். புதுக்கட்டு வெள்ளையாக இருந்தது. வலி எவ்வளவு என்று சிஸ்டர் கேட்டபோது, பத்துக்கு இவ்வளவு என்று அவன் சொன்ன எண் முந்தின நாள் சொன்னதில் பாதி. எனக்குத் தலைகால் புரியவில்லை. நல்லது செய்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு என் குழுவுக்கு வந்த எல்லோருக்கும் கறிவேப்பிலைதான். மராத்திக்காரர்களுக்குக் கடிபத்தா என்று பெயரை மாற்றி, என் இந்தியில். அந்த இந்தியைத் திருத்துவதிலேயே பாதிப் பேருக்கு வலி மறந்து போயிற்று. உன்னிடம் மூச்சு விடவில்லை. ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு ரெக்கார்டர் வைத்திருந்தாய் என்பது மட்டும் எனக்கு மறந்தே போயிருந்தது.

உன் வீட்டுச் சாப்பாட்டு மேஜை. நான் தயிர் வடையோடு உள்ளே வருகிறேன். காதில் இயர்போனோடு நீ உட்கார்ந்திருக்கிறாய், முன்னால் கணக்குப் போட்ட தாள்கள். முகம் சரியில்லை.

"ரெண்டு குழுவும் சமம்ட்டி. ஒரு வித்தியாசமும் இல்ல. ரெண்டு வருசம்."

"அய்யோ, உன் முறை வேலை செய்யலையாடி?"

"என் மொற வேல செஞ்சிருக்கு. ஒன் மொறையும் வேல செஞ்சிருக்கு. இது என்னது?" இயர்போனைப் பிடுங்கிக் காட்டினாய். என் குரல் வந்தது. மெதுவாக, மாடிப்படியில் ஒவ்வொரு படியாக அந்தச் செருப்பை இறக்கிக்கொண்டிருந்தேன்.

"நான் ஒன்ன எதுக்கு வச்சேன்?"

"சும்மா பேச."

"நீ சும்மா பேசுனியா?"

"சும்மாதான்டி பேசினேன்."

"சும்மா பேசுனா அந்தப் பய எதுக்கு யாரு செருப்புன்னு கேக்கான்? பேண்டேஜ் உரிக்க நேரத்துல சரியா ஒங்குரல் தணியுது. மூச்ச இழுத்து விடுத. அந்தப் படியப் பாருங்கத. நான் ஒரு வருசம் படிச்சுப் பழகுனத நீ படிக்காம செஞ்சு வச்சிருக்க. எல்லாத்தையும் கெடுத்துட்டியே."

நீ அழுவாய் என்று நான் எதிர்பார்க்கவில்லை. தயிர் வடையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன். அப்புறம்தான் அந்த யோசனையைச் சொன்னேன். இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது. "முதல் நாலு பேர் ஒழுங்கா இருக்காங்கல்ல, மீதியை எடுத்துடேன். ரெக்கார்டர் ரிப்பேர்னு சொல்லிக்கலாம். யாருக்குத் தெரியப் போகுது?"

நீ மூக்கை உறிஞ்சிக்கொண்டு என்னைப் பார்த்தாய். "முருகேசனுக்கு வலி கொறஞ்சது நெசம்ட்டி. அத எப்படி அழிக்க?"

அப்படியே எழுதினாய். சும்மா பேச வேண்டிய ஆள் சும்மா பேசவில்லை, கதை சொன்னார், குழுக்களிடையே வித்தியாசம் இல்லை. மறுநாள் என்னையும் இழுத்துக்கொண்டு போய் சர்ஜன் முன்னால் அந்தத் தாளை வைத்தாய். அவர் படித்துக்கொண்டே இருந்தார். கதவு சாத்தப்படப் போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது, உன் விரல்கள் துப்பட்டா நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தன. கடைசியில் நிமிர்ந்து, உங்களுக்குப் பாதகமானதை நீங்களே எழுதிக் கொண்டுவந்திருக்கிறீர்கள், இப்படிப்பட்ட ஆளைத்தான் என் வார்டில் நம்பி விடுவேன் என்றார். மறுபடி செய்யுங்கள், இந்தத் தடவை மூன்று குழு. உங்கள் ஹிப்னாசிஸ் ஒன்று, இந்தம்மாவின் கதை ஒன்று, உண்மையிலேயே சுவாரசியம் இல்லாமல் பேசும் ஆள் ஒன்று. அப்படி ஓர் ஆளை எங்கே தேடுவது என்று அவர் யோசித்தபோது, மருந்துத் தட்டோடு நின்ற சிஸ்டர், "சார், நீங்களே பேசலாம்" என்று மராத்தியில் சொன்னார். முதலில் சிரித்தது அவர்தான்.

வெளியே வரும்போது கூப்பிட்டார். "அது இருக்கட்டும். கடிபத்தாவைத் திருடியது யார்?" பக்கத்துக் கட்டிலைப் பார்க்கும் சாக்கில் தினமும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

"நான்தான்" என்றேன். நீ வாயைப் பொத்திக்கொண்டாய். உனக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

சுவாரசியம் இல்லாத ஆளுக்கு நான் எங்கள் சேர்மன் காகாவையே சிபாரிசு செய்தேன். தண்ணீர்த் தொட்டி கழுவும் விதிமுறைகளைப் பற்றி அவரால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேச முடியும். அவரும் சமூக சேவை என்று சந்தோஷமாக ஒப்புக்கொண்டார். வார்டுக்கு வந்த முதல் வாரமே, கறிவேப்பிலை சேர்மன் நீங்கள்தானா என்று ஒரு நோயாளி கேட்டு, என் குட்டு உடைந்தது. பத்து நாள் என்னோடு பேசவில்லை. பிறகு ஒரு தொட்டியில் கன்று வைத்து என் வாசலில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். இலையைவிட அதிகமாக அறிவுரை இருந்தது அதோடு இணைத்த தாளில்.

இரண்டாவது சுற்று ஆரம்பிக்கும் முன்பே உனக்கு வந்துவிட்டது. மார்பில் வந்தது முதுகெலும்புக்குப் போய்விட்டது என்று நீ சொன்னது, பஸ் இன்றைக்கு லேட் என்று சொல்லும் குரலில்தான். மருந்து ஏற்றும் நாட்களில் நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். குமட்டல் வரும்போது நீ கண்ணை மூடி உன்னையே எங்கேயோ கொண்டு போவாய். ஒரு நாள் முகம் தெளியும். நீ போய் வந்த இடம் தாமிரபரணிப் படித்துறை என்று சொல்வாய், இத்தனைக்கும் நீ அங்கே மொத்தமே மூன்று தடவைதான் போயிருக்கிறாய். இன்னொரு நாள் ஒன்றும் நடக்காது. அப்படி ஒரு நாளில் உன்னைச் சிரிக்க வைக்க நான் எங்கள் சொசைட்டி பி விங் கட்டடத்துக் கல்யாண விவகாரத்தை எடுத்தேன்.

"பேசாதட்டி. சும்மா இரு."

இருந்தேன். என் வாழ்க்கையில் நான் பேசாமல் இருந்த மிக நீளமான நேரம் அது. கொஞ்ச நேரம் கழித்து நோட்டைக் கையால் காட்டினாய். "இன்னைக்கு வேல செய்யல. அதையும் எழுதிக்கோ."

உடம்பு கொஞ்சம் தேறிய வாரத்தில் உன் குரலைப் பதிவு செய்தாய். மராத்தியில், இந்தியில், தமிழில். நேரில் வர முடியாமல் போனால் வேலை நின்றுவிடக் கூடாது என்றாய். போனால், என்றுதான் சொன்னாய். நானும் அப்படியே கேட்டுக்கொண்டேன். தமிழ்ப் பதிவின் நடுவில் தேஹு ரோடு தண்டவாளத்தில் ஒரு சரக்கு ரயில் கூவியது. நான் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னேன். நீ நிறுத்தவில்லை. "ஒரு ரயில் போகிறது, போகட்டும்" என்று அதையும் சேர்த்துக்கொண்டு மேலே பேசிக்கொண்டே போனாய்.

இப்போது அந்தக் குரல்தான் வார்டில் வேலை செய்கிறது. நீ பழக்கிவிட்ட பிராச்சி என்ற மராத்திப் பெண் எல்லாவற்றையும் நடத்துகிறாள். உன்னைவிடக் கண்டிப்பு. ஒரு திரைக்கு அந்தப் பக்கம் சின்ன ஸ்பீக்கரில் நீ, இந்தப் பக்கம் நான், மூலையில் தண்ணீர்த் தொட்டியோடு காகா. முதல் நாள் உன் குரல் திரை வழியாக வந்தபோது நான் பேசிக்கொண்டிருந்த வாக்கியம் அந்தரத்தில் நின்றுவிட்டது. என் நோயாளிதான், "பிறகு?" என்று என்னை உலுக்கினார்.

இனி அந்த இரண்டாவது தப்பு. நீ போன பிறகு எனக்கு ஓர் ஆசை வந்துவிட்டது. உன் முறை ஜெயிக்க வேண்டும். மூன்று குழுவில் உன் குரல்தான் மேல் என்று வர வேண்டும். வந்தால் சர்ஜன் வார்டுக் கதவைத் திறப்பார், உன் பட்டம் கிடைக்காவிட்டாலும் உன் வேலை நிலைக்கும். வராவிட்டால் நீ வாழ்ந்த கடைசி ஆறு வருஷம் ஓர் அலமாரியில் போய்விடும். முதல் தடவை உன் ஆய்வைக் கெடுத்தது என் வாய். அப்படியானால் இந்தத் தடவை அந்த வாயே உனக்கு உதவட்டுமே. எனக்கு அது பெரிய கெட்டிக்காரத்தனமாகத் தோன்றியது. அதனால் ஒரு நாள் நான் மோசமாகப் பேசினேன். வேண்டுமென்றே.

வடாபாவ் வண்டி வைத்திருக்கும் ஓர் அம்மாள். எண்ணெய்ச் சட்டி கவிழ்ந்து வலது கை முழங்கை வரை. மழை இந்த வருஷம் முன்னதாகவே வந்துவிட்டது என்றேன். சாலையில் பள்ளம் என்றேன். ஹடப்சர் போகும் பஸ் எத்தனை மணிக்கு என்றேன். கட்டுப் பிரிக்கப் பிரிக்க அந்த அம்மாள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு, நல்ல கையால் என் மணிக்கட்டைப் பிடித்தாள். நகம் பதிந்தது. நான் அடுத்த பஸ்ஸின் நேரத்தைச் சொன்னேன். முடிந்ததும் சிஸ்டர் கேட்டார். ஒன்பது என்றாள். என் மனசுக்குள் ஒரு மூலையில், உனக்கு ஒரு புள்ளி என்று ஏதோ ஒன்று குதித்தது. அந்தச் சமயத்தில்தான் அவள் முந்தானையை வாயிலிருந்து எடுத்துவிட்டு இந்தியில் கேட்டாள்:

"நீங்க சிரிக்க வைப்பீங்கன்னு பக்கத்துக் கட்டில்ல சொன்னாங்களே. எனக்கு மட்டும் ஏன் பஸ் டைம்?"

நான் எழுந்து போய் வராந்தா படியில் உட்கார்ந்துகொண்டேன். உள்ளே திரைக்குப் பின்னால் உன் குரல், மராத்தியில், யாருக்கோ நதிக்கரையைக் காட்டிக்கொண்டிருந்தது. நீ இருந்திருந்தால் என்னைத் திட்டியிருக்க மாட்டாய். அந்த அம்மாளுக்கு வலித்தது நிஜம், அதை எந்தக் கணக்கில் எழுதுவாய் என்று கேட்டிருப்பாய். ஒன்பது என்று அவள் சொன்னதில் எவ்வளவு எண்ணெய், எவ்வளவு நான்?

பிராச்சியிடம் போய்ச் சொன்னேன். அந்தப் பெண் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தாள். வேலையை விட்டு எடுத்துவிடுவாள் என்று நினைத்தேன். நோட்டைத் திறந்து தேதியைப் போட்டு, நான் சொன்னதை ஒரு வரி விடாமல் எழுதினாள். எழுதி முடித்து, "தீதி உங்களைப் பத்தி எங்கிட்ட எச்சரிச்சிருக்காங்க, ஆன்ட்டி" என்றாள். தீதி என்றால் நீ. "நீங்க ரெண்டு பக்கமும் தப்பு செய்வீங்க, ஆனா வந்து சொல்லிடுவீங்கன்னாங்க."

முதல் தடவை நான் வந்து சொல்லவில்லை, நீதான் பிடித்தாய். ஏன் அப்படிப் பொய் சொன்னாய் என்று உன்னிடம் கேட்க வேண்டும். அல்லது கேட்க வேண்டாம்.

மறுநாள் அந்த அம்மாள் கட்டிலில் போய் உட்கார்ந்து, பஸ்ஸுக்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு, எங்கள் சொசைட்டியின் பி விங்கில் நடந்த கல்யாணத்தில் மாப்பிள்ளையின் அத்தை லிஃப்டில் மாட்டிக்கொண்ட வரலாற்றை எடுத்தேன். அத்தையோடு மாட்டிக்கொண்டது ஒரு டப்பா நிறைய ஜிலேபி, கூடவே பெண் வீட்டார் யாரோடு பேச்சு வார்த்தை இல்லையோ அந்தச் சித்தப்பா. மூன்றாவது மாடிக்கும் நான்காவதுக்கும் நடுவில் ஜிலேபி பாதியாயிற்று. சிஸ்டர் கட்டும் கையை நிறுத்திவிட்டார், நான் அதட்ட வேண்டியிருந்தது. அந்த அம்மாள் அன்றைக்குச் சொன்ன எண்ணை நான் இங்கே எழுதப் போவதில்லை. அது பிராச்சியின் நோட்டில் இருக்கிறது.

அதிலிருந்து நான் குறை வைக்கவில்லை. வந்த ஒவ்வொருவருக்கும் என் கையிலிருந்த நல்ல வம்பைக் கொடுத்தேன். தீர்ந்துபோனபோது சொசைட்டி மீட்டிங்குக்குப் போய் புதிதாக இரண்டு சண்டையை ஆரம்பித்து வைத்தேன். திரைக்கு அப்பால் உன் குரல் நன்றாக ஓடும் நாட்களில் எனக்குப் போட்டி எகிறியது, நீ உயிரோடு இருந்தபோது ஒருநாளும் அப்படி உன்னோடு மல்லுக்கு நின்றதில்லை. சில நாள் ஒருவருக்கும் எதுவும் கேட்கவில்லை, உன்னுடையதும் இல்லை, என்னுடையதும் இல்லை. அதையும் எழுதிக் கொடுத்தேன். அந்தப் பழக்கம் இப்போது வீட்டுக்கும் வந்துவிட்டது. ரசம் எப்படி என்று என் வீட்டுக்காரர் கேட்டால் எப்படியோ அப்படிச் சொல்கிறேன், அது நான் வைத்ததாக இருந்தாலும். அவருக்கு இது ஏதோ வியாதி என்ற சந்தேகம்.

இன்றைக்குக் கடைசி நோயாளியின் கடைசிக் கட்டு. உறைகள் தீர்ந்துவிட்டன. எந்தக் குழு எது என்று தெரியாத ஒருவரிடம் எண்களைக் கொடுத்திருக்கிறார்கள், அவர் எண்ணித் திங்கட்கிழமை சொல்வார். சர்ஜன் காலையில் என்னைக் கடந்து போகும்போது, "தயாரா?" என்றார். யாரைக் கேட்டார் என்று தெரியவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

அந்த ஒரு பஸ் நாளைத் தவிர நான் பொய்யாகப் பேசவில்லை, குறைத்துப் பேசவில்லை, உனக்காக ஒரு வார்த்தையைக்கூட விட்டுக்கொடுக்கவில்லை. உன்னைத் தோற்கடிக்க என்னால் ஆனதையெல்லாம் செய்துவிட்டேன், கண்ணு. இனி நீ ஜெயித்துக்கொள்.